சாம்பல் கோட்டு நடுவர்

‘காயம்பட்டுத் தேறிவரும் குழந்தை எதுவும், உரிய மருத்துவ அலுவலர் உரிய படிவத்தில் வழங்கிய தகுதிச் சான்று இல்லாமல், குடும்ப விளையாட்டு நாளில் பங்கேற்பாளராகச் சேர்க்கப்படக் கூடாது.’ வழிகாட்டு நெறிமுறைகள், பிரிவு ஏழு, உட்பிரிவு ஆ. உடற்கல்வி ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான் செய்திருக்கிறேன். ஒரு துறைக்கு ஒருவர் போதும்.

விதியில் குற்றமில்லை. எழுதியவர் எங்கோ ஒரு குழந்தை விழுந்ததைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருப்பார். விதிகள் பெரும்பாலும் யாரோ பயந்துபோன ஒரு நாளில் எழுதப்படுகின்றன. பயம் சில நாளில் தெளிந்துவிடுகிறது. விதி மட்டும் தங்கிவிடுகிறது.

நான் உடற்கல்வி ஆய்வாளராக இருந்த கடைசி வருடம், கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் இந்தக் குடும்ப விளையாட்டு நாளைத் தொடங்கினோம். சனிக்கிழமை பிற்பகலில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக ஒரு மணி நேரம் உடலை அசைக்க வேண்டும் என்பது திட்டம். பேருந்து போகாத ஊர். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிற வரைக்கும் ஏறி, பிறகு மிளகுக் கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து போக வேண்டும். அப்படி ஏறிப்போய், பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிறவர்களுக்கு உடல் அசைவின் அவசியத்தை நாங்கள் விளக்கினோம்.

பயிற்றுநர் சுகன்யா. சேந்தமங்கலத்துப் பெண், ஒப்பந்தப் பணி, கெட்டிக்காரி. முதல் சனிக்கிழமை அட்டவணைப்படி உடற்பயிற்சி நடத்தினார். கைகள் மேலே, கைகள் கீழே. ஊர் மொத்தமும் மரியாதைக்காகக் கையைத் தூக்கி இறக்கியது. முடிந்ததும் மாரக்காள் என்ற அம்மாள் என்னிடம் வந்தார். கிண்டலே இல்லாத முகம்.

“ஏனுங்க சார், காலைல இருந்து காட்டுல ஏறி எறங்கிட்டுத்தான் வாரோம். இங்க வந்து சும்மா கையத் தூக்கி எறக்குனா என்னங்க கெடைக்கும்? மேல ஒரு மொளகுக்கொடி இருந்தாலும் பறிச்சுப் போடலாமுங்க.”

அடுத்த சனிக்கிழமை வந்தவர்கள் நானும் சுகன்யாவும் ஒரு நாயும். நாய் உற்சாகமாக இருந்தது.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. ‘உடற்பயிற்சி’ என்ற சொல்லை அறிவிப்பில் முதல் வரியில் போடாதீர்கள். கடைசி வரியிலும் வேண்டாம். அந்த ஊரில் பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியவர்கள் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து சிரித்து நாளாகியிருந்தது. சாயங்காலமானால் அப்பா ஒரு செல்போன், பிள்ளை ஒரு செல்போன். அட்டவணையில் இல்லாத நோய் அதுதான்.

சுகன்யா அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கிளித்தட்டு என்றார். பெற்றோர் ஓர் அணி, பிள்ளைகள் ஓர் அணி. தரையில் நீளமாக ஒரு கட்டம், அதற்குக் குறுக்கே சில கோடுகள், கோட்டுக்கு ஒரு காவல். காவலர் கோட்டை விட்டு நகரக் கூடாது. எதிரணி அவர் கை படாமல் எல்லாக் கோடுகளையும் தாண்டி மறுகரைக்குப் போய்த் திரும்பினால் ஒரு பாயிண்டு. அந்த ஊர் வழக்கத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தாண்டுகிறவர் கோட்டை மிதித்துவிட்டால் அவுட்.

சமதளம் வேண்டுமே. அந்த ஊரில் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான்: கேழ்வரகும் சாமையும் அடிக்கிற களம். அதைக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. களத்தில் யாரும் செருப்போடு ஏறக் கூடாது. நெல்லோ சாமையோ, தானியம் விழுகிற இடத்தில் செருப்புக் காலுக்கு வேலையில்லை. விளையாட்டுக் காலணி கட்டாயம் என்று நெறிமுறை சொல்லியிருந்தது. நான் என் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அறிக்கையில், ‘தளத்தின் தன்மை காரணமாகக் காலணி விதி பொருந்தவில்லை’ என்று எழுதினேன். பொய்யில்லை.

கோடு போடச் சுண்ணாம்புத்தூள் கேட்டு எழுதியிருந்தோம். அது வருவதற்குள் பெண்கள் வீட்டு அடுப்புச் சாம்பலைக் கூடையில் கொண்டுவந்து கோடு இழுத்துவிட்டார்கள். களத்தில் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். ஆட்டத்திலும் அப்படியே எண்ணினார்கள்: லாபம், ரெண்டு, மூணு. சுகன்யாவின் பதிவுத்தாளிலும் முதல் பாயிண்டு எல்லா வாரமும் ‘லாபம்’தான். தணிக்கையில் யாரும் கேட்கவில்லை. யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

மூன்றாம் வாரம் களம் கொள்ளவில்லை. மாரக்காள் சேலையைச் செருகிக்கொண்டு காவல் நின்றார். அவரைத் தாண்டிப் போனவர்கள் குறைவு.

இப்போது கௌசல்யா. ஐந்தாம் வகுப்பு. அப்பா பொன்னுசாமி, மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கிறவர். மழை நாளில் அவர் ஓட்டிய பைக் சேற்றில் சறுக்கி, பின்னால் இருந்த மகளுக்குக் கால் எலும்பு முறிந்தது. அவருக்குக் கீறல்கூட இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. நாமக்கல்லில் மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு கூடிவிட்டது, இனி ஊன்றி நடக்க வேண்டும், ஓட வேண்டும், இப்படியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் கால் சூம்பிவிடும் என்று சொல்லி, மருந்துச் சீட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தார். பொன்னுசாமி அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு மகளைத் தோளில் தூக்கிவந்தார். அதன் பிறகு இறக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் தோளில், கடைக்குத் தோளில், களத்துக்குத் தோளில். களத்து ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டு ஆட வருவார். அவள் அந்தக் காலை ஊன்றுவதே இல்லை. வலிக்கிறதா என்று கேட்டால், வலிக்கவில்லை என்பாள். பிறகு ஏன் என்றால் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொள்வாள். பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும், ஒரு கால் மற்றதைவிட மெலிந்துகொண்டு வந்தது.

சேர்த்துக்கொள்ளலாமா என்று சுகன்யா கேட்டார். நான் பிரிவு ஏழு, உட்பிரிவு ‘ஆ’வைச் சொன்னேன். டாக்டர் சீட்டு இருக்கிறதே என்றார். சீட்டு படிவம் ஆகாது என்றேன். முறைப்படி சிறப்பு அனுமதி கேட்டு மேலே எழுதினேன், சீட்டின் நகலோடு, மாசி மாதத்தில். சுகன்யா நகலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பதில் வர்ற வரைக்கும் அவ உக்காந்தே இருக்கணுங்களா சார்?”

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. முப்பது வருடமாகக் கோபத்துக்குப் பதில் சொல்லியே பழக்கம். அவர் விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று இறங்குகிற பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு ஒருமுறை இடப்பக்கம் வரும், ஒருமுறை வலப்பக்கம் போகும். கீழே ஊர்களின் விளக்குகள் ஏதோ குளத்தின் அடியில் எரிவதுபோல் மங்கலாகத் தெரிந்தன. பாதித் தூக்கத்தில் நெறிமுறையின் முதல் பக்கம் மனதில் வந்தது. சொற்பொருள் விளக்கம். யாரும் படிக்காத பக்கம். ‘பங்கேற்பாளர்’ என்றால் விளையாடுகிறவர். ‘அலுவலர்’ என்றால் நடத்துகிறவர், நடுவர் உட்பட. மருத்துவச் சான்று பங்கேற்பாளருக்கு. அலுவலருக்கு ஒரே தகுதி, ஆட்ட விதிகளில் தேர்ச்சி. வயது வரம்பு சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

சாக்கில் உட்கார்ந்தபடியே கௌசல்யா வாராவாரம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் மிதித்தார்கள், யார் மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள் என்பது அந்தக் களத்தில் அவளுக்குத்தான் தெரியும். ஆடாதவர்களுக்குப் பார்வை கூர்மை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை நியமன ஆணையை எழுதி, முத்திரை வைத்து, எல்லார் முன்னும் படித்தேன். கௌசல்யா, நடுவர். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் ஆணையை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, ‘நான் சொல்றதுதான் முடிவுங்களா சார்?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உங்களுக்கும் சேர்த்தா என்றாள். எனக்கும் சேர்த்துத்தான்.

ஆட்டம் தொடங்கி முதல் தகராறு மூன்றாம் கோட்டில் வந்தது. நடுவர் சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், இது எந்த ஆட்டத்திலும் உண்டு. கௌசல்யா எழ முயல்வதற்குள் பொன்னுசாமி ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டார். நடுவரைத் தோளில் சுமந்துகொண்டு ஓர் ஆட்டக்காரர் மைதானத்தின் நடுவே வந்து நின்றார். என் பணிக்காலத்தில் அப்படியொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

எதிரணி விடுமா? மாரக்காளின் மகன், வாய் அதிகம், முதலில் அவன்தான் ஆரம்பித்தான். நடுவரைத் தூக்கிக்கொண்டு திரிகிறவருக்கு எதிராக எப்படி ஆடுவது, தீர்ப்பு அந்தத் தோள் பக்கமாகச் சாயாதா என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்டக்காரர் நடுவர்மேல் கை வைக்கக் கூடாது என்பது விளையாட்டு உலகத்தின் மிகப் பழைய விதி. அதைச் சொன்னேன். இறக்கிவிடுங்கள் என்றேன்.

பொன்னுசாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நடுக்களத்தில் மெதுவாகக் குனிந்து அவளை இறக்கினார். ஒரு பாட்டனார் தன் ஊன்றுகோலைக் கொடுத்தார். அவள் கோலை ஊன்றி, நல்ல காலில் தாவி, மற்றதைத் தரையில் பட்டும்படாமல் இழுத்துக்கொண்டு சாம்பல் கோட்டருகே போய்க் குனிந்து பார்த்தாள். கோடு கலைந்திருந்தது. அவுட் என்றாள். பிறகு திரும்பி வர வேண்டியிருந்தது.

அப்படியே வாரங்கள் போயின. கிளித்தட்டில் தகராறுக்குக் குறைவில்லை. அதுவும் பிள்ளைகள் வேண்டுமென்றே களத்தின் தூரமான மூலையில் தகராறு செய்யத் தொடங்கியிருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சுகன்யாவைக் கேட்டேன். தெரியாது என்றார், கோடு பக்கம் பார்த்துக்கொண்டு. கௌசல்யா நடந்தாள். ஆனால் கோல் இல்லாமல் நடக்கவில்லை. அந்தக் காலில் பாரம் வைக்கவில்லை. அது அவளுடையது என்றே அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் கோடை மழை. பிற்பகலில் மேகம் கீழேயிருந்து மரவள்ளிக் காட்டின் வழியாக ஏறிவந்து, யாரோ விட்ட மாட்டைப்போல் சத்தமில்லாமல் களத்துக்குள் நுழைந்தது. முதலில் தூரத்து மூலை போயிற்று. பிறகு கோடுகள் ஒவ்வொன்றாக. ஆட்டக்காரர்கள் பாதி உடம்போடு நடமாடினார்கள். ஒருவர் சிரிப்பு ஒரு பக்கமும் அவர் இன்னொரு பக்கமுமாக இருந்தார். ‘பார்வைக்குத் தடை ஏற்பட்டால் ஆட்டம் நிறுத்தப்பட வேண்டும்.’ பிரிவு பதினொன்று. விசிலை எடுத்து வாயில் வைத்தேன்.

அதே நேரம் பொன்னுசாமி மறுகரை தொட்டுத் திரும்பிவந்து, பாயிண்டு என்றார். சமநிலையில் இருந்த ஆட்டம். அதோடு பெரியவர்கள் ஜெயித்தார்கள்.

“மிதிச்சுட்டீங்கப்பா” என்றாள் கௌசல்யா, ஓரத்திலிருந்து.

இல்லை என்றார். பார்த்தேன் என்றாள். பனியில் எதைப் பார்த்தாய் என்றார். அதற்குமேல் அவள் வாதாடவில்லை.

“காலத் தூக்கிக் காட்டுங்க.”

களத்தில் எல்லாரும் வெறுங்காலோடு இருந்தார்கள். ஈரத் தரை. சாம்பல் கோட்டை மிதித்திருந்தால் அது பாதத்தில் பசைபோல் ஒட்டியிருக்கும். ஊருக்கே அது தெரியும். பொன்னுசாமிக்கும் தெரியும். அவர் ஒரு கணம் மகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, களத்தின் கடைசியில் இருந்த புல்லை நோக்கி ஓடினார். ஈரப் புல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டால் சாட்சி போய்விடும்.

கௌசல்யா கோலை ஊன்றி அவர் பின்னால் போனாள். இருவரும் மேகத்துக்குள் போய்விட்டார்கள்.

அந்தப் பக்கம் களத்தின் விளிம்பு. கீழே முழங்கால் ஆழத்துக்கு ஓர் இறக்கம், அதன்பின் மரவள்ளிக் காடு. சுகன்யா என் பக்கத்தில் வந்து, ‘சார், விசிலு’ என்றார், மிக மெதுவாக. விசில் பல்லிடுக்கில்தான் இருந்தது. மூச்சையும் இழுத்துவிட்டேன்.

சத்தம் மட்டும் கேட்டது. கனமான பாதம், தப், தப் என்று. அதன் பின்னால் கோல், ஒரு கால். கோல், ஒரு கால். பிறகு கோல் தரையில் விழுந்து உருண்ட சத்தம்.

ஊதியிருந்தால் எல்லாரும் நின்றிருப்பார்கள். அவளும் நின்றிருப்பாள். நின்றால் குனிந்து காலைப் பார்ப்பாள். பார்த்தால் நினைவு வந்துவிடும். விசில் நிறுத்துவதற்கு மட்டும் செய்யப்பட்ட கருவி. தொடங்கவும் அதைத்தான் ஊதுகிறோம், ஆனால் அந்த ஓட்டத்தை அது தொடங்கி வைக்கவில்லையே, நிறுத்த அதற்கு என்ன உரிமை? இத்தனையும் அப்போதே யோசித்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். விழுந்தால் முழங்கால் ஆழம்தான், கீழே உழுத மண் என்பதை மட்டும் யோசித்தேன். மற்றதெல்லாம் பேருந்தில் வந்தது.

ஒரு பாதம் பட்டது. பிறகு இன்னொன்று. இரண்டும் ஒரே கனம் இல்லை, ஒன்று தயங்கித் தயங்கி விழுந்தது. ஆனால் இரண்டு. மாரக்காள், தானியம் அளக்கிறவர் குரலில், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: லாபம்.

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“புடிச்சுட்டேன். தூக்குங்க. அந்தக் கால் இல்லீங்கப்பா, இந்தக் கால்.” பிறகு, “சாம்பல் இருக்குது. அவுட்டு.”

வெளியே வந்தார்கள். முதலில் பொன்னுசாமி, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி. அவருடைய இன்னொரு பாதத்தை அவள் கணுக்காலோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஊருக்குச் சாட்சி காட்ட. சாம்பல் பூசிய பாதம். அவர் ஒரு காலில் நின்றார். அவள் இரண்டு காலில் நின்றாள். பிள்ளைகள் தோற்காமல் தப்பியதைக் கொண்டாடினார்கள், அவர்களுக்கு வேறொன்றும் தெரியாததுபோல். எல்லார் முகமும் நனைந்திருந்தது. பனி நாளில் அது ஒரு வசதி.

பிறகு பொன்னுசாமியைத் தனியாகக் கேட்டேன், வேண்டுமென்றேதான் ஓடினீர்களா என்று.

“இல்லீங்க சார். பாயிண்டு போயிருமேன்னுதான் ஓடுனேன். பாதில பொறத்தால கோல் விழுந்த சத்தங் கேட்டுச்சுங்க. நிக்கலாமா வேண்டாமான்னு இருந்துச்சு.” அவர் மகள் இருந்த பக்கம் பார்த்தார். “நிக்கலீங்க.”

அன்றைய அறிக்கையில், ‘நடுவர் ஒரு புள்ளியை ரத்து செய்தார். சம்பவம் எதுவும் இல்லை’ என்று எழுதினேன். ஊதாத விசிலுக்கு அறிக்கையில் பத்தி கிடையாது. உங்கள் காலத்தில் சேர்க்கப் பாருங்கள்.

வீட்டுக்குப் போகும்போது அவர் பழக்கத்தில் குனிந்து தோளைக் காட்டினார். நடுவர்மேல் கை வைக்கக் கூடாது என்று அவள் ஞாபகப்படுத்திவிட்டு முன்னால் நடந்தாள். நொண்டித்தான் நடந்தாள். இன்னும் சில வாரம் நொண்டினாள். கோல் பாட்டனாரிடம் திரும்பிப் போயிற்று. ஒரு நாள் அவள் வந்து, நடுவர் பதவி வேண்டாம், ஆட வேண்டும் என்றாள். மறுபடி படிவம், மறுபடி சான்று. இந்த முறை மலையிலுள்ள மருத்துவமனையிலேயே வாங்கிவிட்டார்கள். அவள் அங்கே நடந்து போனதால் மருத்துவ அலுவலர் உடனே கையெழுத்துப் போட்டார்.

வைகாசிக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். பேசினார்கள். மாசியில் நான் கேட்ட அனுமதி பற்றி யாரும் பேசவில்லை, நானும் மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள், அலுவலகத்திலிருந்து முகவரி மாற்றி அனுப்பப்பட்ட உறை ஒன்று சேந்தமங்கலத்தில் என் வீட்டுக்கு வந்தது. கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, முடிவு தெரிவிக்கப்படும்வரை மேற்படி குழந்தையை அமர்ந்த நிலையிலேயே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. கீழே கையெழுத்து, தெளிவாக.

பெறப்பட்ட உத்தரவை உரியவருக்குத் தெரிவிப்பது கடமை. பொன்னுசாமியின் எண்ணுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. வெகு நேரம் கழித்து அங்கிருந்தே அழைப்பு வந்தது. பின்னால் கூட்டத்தின் இரைச்சல். பேசியது கௌசல்யா. ஆகாய கங்கை அருவிக்குக் குளிக்கப் போனார்களாம். அந்தப் படிகளை எண்ணியவர்கள் இருவர் ஒரே கணக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை. இறங்குவது ஒரு பாடு என்றால், ஏறுவது வேறு பாடு.

“அப்பாவுக்கு மூச்சு வாங்குதுங்க சார். பாதிப் படியில உக்காந்துட்டாரு. போன எங்கிட்டக் குடுத்துட்டாருங்க. நா மேல வந்துட்டேன். ஏதாவது சொல்லணுங்களா?”

ஒன்றுமில்லை என்றேன். அப்பா எழுந்திருக்கும்வரை அவரை அமர்ந்த நிலையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். சரிங்க என்றாள்.

கடிதத்தை மடித்தேன். ஓய்வு பெற்றவரிடம் முத்திரை கிடையாது. ஆனாலும் பெறப்பட்ட நாளைக் குறிக்காமல் ஒரு தாளைக்கூட நான் கோப்பில் வைத்ததில்லை. பேனாவை எடுத்து இடது மூலையில் எழுதினேன்: பதில் கிடைத்த நாள், ஆடிப் பதினெட்டு.